"சினிமா செட் மாதிரி இருக்கே": சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன் பற்றி ஓர் இழை

#1 கயல்_ஃப்ரீமாண்ட்

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைப் போன சனிக்கிழமை சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனுக்குக் கூட்டிப்போனேன். புஷ் தெரு முனையில் இருக்கும் பச்சை ஓட்டு டிராகன் வாசலில் ஆரம்பித்து அப்பா போட்டோவாக எடுத்துத் தள்ளினார். அம்மா மட்டும் கிராண்ட் அவென்யூவும் கலிஃபோர்னியா தெருவும் சேரும் முனையில் நின்று ஒரு கட்டடத்தை அடியிலிருந்து உச்சிவரை ரொம்ப நேரம் பார்த்தாள். "கீழ பாத்தா சாதாரண செங்கல் கட்டடம். மேல மட்டும் கோபுரம் வெச்சிருக்கான். சினிமா செட் மாதிரி இருக்கே" என்றாள்.

நான் சிரித்துவிட்டு டிம் சம் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. 12 வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன், ஒரு நாளும் நான் மேலே நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தக் கட்டடங்களை யார், எப்போது கட்டினார்கள்? சீனாவில் கடைகள் இப்படித்தான் இருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓக்லண்ட்_மூர்த்தி

கயல், உங்கள் அம்மாவுக்கு நல்ல கண். அந்த முனை என்றால் அது சிங் சோங் கட்டடம். அதே சந்திப்பில் இன்னொரு முனையில் சிங் ஃபாட். இரண்டுமே 1906 பூகம்பத்துக்குப் பிறகு எழுந்தவை. செட் என்று அம்மா சொன்னதில் பெரிய தப்பில்லை. வேண்டுமென்றே போட்ட செட் அது. ஏன் போட்டார்கள் என்பதுதான் கதை.

1906-க்கு முந்தைய சைனாடவுனுக்கு வளைந்த கூரையே கிடையாது. அன்றைய சான் பிரான்சிஸ்கோவின் மற்ற தெருக்களைப் போலவே இத்தாலிய பாணிச் செங்கல் கட்டடங்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்குச் சொந்தமானவை, சீனர்கள் வாடகைக்கு இருந்தார்கள். பால்கனியில் விளக்கு, பூந்தொட்டி, கடைப்பலகையில் சீன எழுத்து, அவ்வளவுதான் சீனம். ஆர்னால்ட் கெந்தே என்ற ஜெர்மானியர் அன்றைய தெருக்களை நிறையப் படம் எடுத்திருக்கிறார். அவரே சில படங்களில் ஆங்கிலப் பலகைகளையும் வெள்ளை முகங்களையும் சுரண்டி எடுத்துவிட்டார், "அசல் சீனம்" போலத் தெரியவேண்டும் என்று. செட் போடும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1906 ஏப்ரல் 18, காலை 5:12-க்குப் பூமி குலுங்கியது. அதற்குப் பின்னால் வந்த தீயில் சைனாடவுன் முழுசாகச் சாம்பல். சாம்பல் ஆறுவதற்குள் நகரத்துப் பெரிய மனிதர்கள் ஒரு குழு போட்டார்கள்: சீனர்களை ஊரின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஹன்டர்ஸ் பாயின்டுக்குத் தள்ளிவிடலாம். சைனாடவுன் நிலம் நகரத்தின் நட்டநடுவில், துறைமுகத்துக்கும் வங்கித் தெருக்களுக்கும் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் பல வருடமாகவே கண்.

இந்தத் திட்டம் எப்படி உடைந்தது என்பது சுவாரஸ்யம். சீன அரசின் தூதர்கள் வந்து, "எங்கள் தூதரகம் பழைய இடத்திலேயேதான் இருக்கும்" என்றார்கள். சீன வணிகர்கள், நாங்கள் வேறு துறைமுக ஊருக்குப் போனால் சீனாவோடு நடக்கும் வியாபாரமும் வரியும் எங்களோடு வந்துவிடும் என்று காட்டினார்கள். மூன்றாவதாக, நிலம் வைத்திருந்த வெள்ளைக்காரர்களே திட்டத்துக்கு எதிராக நின்றார்கள். சீனர்கள் கொடுத்த வாடகையை வேறு யாரும் கொடுக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வாடகையும் சேர்ந்து ஜெயித்தது.

அப்புறம்தான் லுக் டின் ஈலை என்ற வணிகர் வருகிறார். அவர் கணக்கு எளிது. பழைய மாதிரியே கட்டினால் "அழுக்குப் பேட்டை" என்று மறுபடியும் துரத்துவார்கள். வெள்ளைக்காரன் தன் மனசில் வைத்திருக்கும் சீனாவையே கட்டிக் கொடுத்துவிட்டால் பார்க்க வருவான், காசு செலவு பண்ணுவான், இடிக்க மனசு வராது. ராஸ் என்ற கட்டடக் கலைஞரையும் பர்க்ரென் என்ற பொறியாளரையும் பிடித்தார். இருவரும் வெள்ளைக்காரர்கள். எஃகு, செங்கல் கட்டடம் கட்டி, உச்சியில் பகோடா வைத்தார்கள். பகோடா என்பது பௌத்த ஆலயத்தோடு சேர்ந்த விஷயம். அதைக் கடைமேல் வைப்பது, நம்மூர் ஜவுளிக்கடை மாடியில் ராஜகோபுரம் வைப்பது போல.

#3 கயல்_ஃப்ரீமாண்ட்

சார், அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப அந்தக் கோபுரம்தான் அவங்களுக்குக் காவல் தெய்வமா" என்கிறாள். இன்னொன்றும் கவனித்தோம். தெருப்பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தில் கிராண்ட் என்று இருக்கிறது. கீழே சீன எழுத்தில் இருப்பதும் அதேதானா?

#4 ஓக்லண்ட்_மூர்த்தி

இல்லை, அதுதான் வேடிக்கை. பூகம்பத்துக்கு முன்னால் அந்தத் தெருவின் பெயர் டூபான்ட். அந்தப் பெயருக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதென்று கிராண்ட் என்று மாற்றினார்கள். சீன எழுத்தில் இன்றும் "டூபான் காய்"தான். காய் என்றால் தெரு. நூறு வருடத்துக்கு மேலாக ஒரே கம்பத்தில் இரண்டு பெயர், யாருக்கும் தொந்தரவில்லை.

#5 தர்க்கன்

மன்னிக்கவும், எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். சுற்றுலாப் பயணிக்காகத் தன் பண்பாட்டைப் பொம்மையாக்கி விற்றதை "தற்காப்பு" என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா? இன்னொன்று: ஒரே பேட்டையில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தது அவர்கள் விருப்பம்தானே? ஃப்ரீமாண்டில் நாம் கோயிலுக்கும் மளிகைக் கடைக்கும் பக்கத்தில் வீடு தேடுவதில்லையா?

#6 வக்கீல்_வாசு

தர்க்கன், ஃப்ரீமாண்டில் நீங்கள் வீடு தேடினீர்கள். அவர்களுக்குத் தேடவே வழியில்லை. கொஞ்சம் சட்டம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்க வேட்டைக் காலத்தில் வந்தவர்கள் இவர்கள். கலிஃபோர்னியாவுக்கு அவர்கள் வைத்த பெயரே தங்கமலை. பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்தின் ஒரு மூலையிலிருந்து, குறிப்பாக டாய்ஷான் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். 1850-இலேயே வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரி வந்துவிட்டது. 1854-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சீனன் சாட்சி சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதாவது பத்துச் சீனர் கண்முன்னால் ஒரு வெள்ளைக்காரன் கொலை செய்தாலும் சாட்சி இல்லை. இந்த நிலையில் தனியாக எங்கே போய்க் குடியிருப்பது?

பிறகு நகரச் சட்டங்கள். 1870-இல் ஓர் ஆளுக்கு 500 கன அடி காற்று இருக்கவேண்டும் என்று விதி. இட நெருக்கடியில் கிடந்த சீனர்களைத்தான் பிடித்தார்கள். அபராதம் கட்டமாட்டோம், ஜெயிலுக்கே போகிறோம் என்று அவர்கள் கூட்டமாகப் போனதில், ஜெயிலே அந்த 500 கன அடி விதியை மீறிவிட்டது! உடனே ஜெயிலுக்கு வருகிறவன் தலைமுடியை ஒட்ட வெட்டவேண்டும் என்று இன்னொரு விதி. சீன அரசு கட்டாயமாக்கிய தலைப்பின்னல் போனால் சீன ஆண் ஊர் திரும்ப முடியாது. ஹோ ஆ கௌ என்பவர் வழக்குப் போட்டார், 1879-இல் அந்த விதி செல்லாது என்றானது.

எனக்குப் பிடித்த வழக்கு யிக் வோ. 1880-இல் மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். ஊரில் சுமார் 320 சலவைக்கடை, அதில் 310 மரக்கட்டடம். சீனர்கள் சுமார் 200 பேர் கேட்டார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்கள் சுமார் 80 பேர் கேட்டார்கள், ஒரே ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. சட்டத்தில் சீனன் என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். 1886-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எழுத்தில் நியாயமாக இருந்தாலும் நடத்துகிற விதம் ஓரவஞ்சனை என்று அடித்துப் போட்டது. சட்டக் கல்லூரியில் இன்றும் இது பாலபாடம். ஒரு துணுக்கு: யிக் வோ என்பது ஆள் பெயரே இல்லை, கடையின் பெயர். நடத்தியவர் லீ யிக். நம்மூரில் "முருகன் லாண்டரி"க்காரரை முருகன் என்றே பிடித்துக்கொண்டு போன மாதிரி.

இதற்கெல்லாம் மேல் 1882 சீனர் விலக்குச் சட்டம். சீனத் தொழிலாளிக்கு இனி நுழைவு இல்லை, வெளியிலிருந்து வந்த எந்தச் சீனருக்கும் குடியுரிமை வாங்க வழியில்லை. முதலில் 10 வருடம் என்றார்கள், நீட்டினார்கள், 1943 வரை போனது. அப்போதும் வருடத்துக்கு 105 பேர் என்று ஓர் ஒதுக்கீடு. நிலம் வாங்கத் தடை, குறிப்பிட்ட தெருக்களில் சீனருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட பத்திர நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று ஆனது 1948-இல்தான்.

இதையும் "விருப்பம்" என்பீர்களா?

#7 தர்க்கன்

சரி, பேட்டை விஷயத்தில் வாபஸ். யிக் வோ கதை தெரியாது, நன்றி. கூரை விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது. உயிர் பிழைக்க வேடம் கட்டினார்கள் என்பதால் அது வேடம் இல்லை என்று ஆகிவிடாது.

#8 பினாங்குப்_பையன்

எங்கள் ஊரில் தவுக்கே (சீன முதலாளி) கடையில் கணக்கு எழுதியே வளர்ந்தவன், அதனால் நானும் ஒரு வார்த்தை. "சைனாடவுன்" என்பது வெளியாள் வைத்த பெயர் அண்ணே. அவர்கள் வைத்த பெயர் "தாங் யான் காய்", தாங் மக்களின் தெரு. சான் பிரான்சிஸ்கோவில் முதலில் சாக்ரமென்டோ தெருவைத்தான் அப்படிச் சொன்னார்களாம். தெற்குச் சீனர்கள் தாங் வம்சப் பெயரால் தங்களைச் சொல்லிக்கொள்வது எங்கள் பினாங்கிலும் உண்டு.

வட்டார வாரியாக, குலப்பெயர் வாரியாகச் சங்கம் வைப்பதும் அப்படியே. எங்கள் பக்கம் கொங்சி என்போம். சான் பிரான்சிஸ்கோவில் ஆறு சங்கம் சேர்ந்து "சிக்ஸ் கம்பெனீஸ்" என்று ஆனது. கப்பலில் இறங்கியவனுக்குப் படுக்க இடம், வேலை, கடன், வழக்குக்கு வக்கீல் எல்லாம் அவர்கள்தான். செத்தால் எலும்பைத் தோண்டி எடுத்து, கழுவி, பெட்டியில் போட்டுச் சொந்த ஊருக்கு அனுப்பும் வேலையும். கைக்காசு போட்டு வந்தவன் எலும்பாவது திரும்பிப் போகவேண்டும் என்று ஒப்பந்தம். ஆனால் சங்கத் தலைவர்கள் எல்லாம் புண்ணியவான்கள் என்று நினைக்காதீர்கள். கடனைக் கட்டாமல் கப்பல் ஏறவே விடமாட்டார்கள்.

#9 மணிமாலா

சன்செட் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனத் தாத்தா இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் காலமானார். பெயர் வேண்டாம். தபால்பெட்டியில் ஒரு குலப்பெயர் இருக்கும். பேத்தி கல்யாணப் பத்திரிகையை எனக்குக் கொடுத்தபோது, ஆங்கிலப் பக்கத்தில் அந்தப் பெயர். சீனப் பக்கத்தை என்னோடு வேலை பார்க்கும் பெண் படித்துவிட்டு, "இது வேற குடும்பப் பெயர் ஆச்சே, மாத்தி அடிச்சிட்டாங்களா?" என்றாள். தாத்தாவிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "என் அப்பா காகித மகன்" என்றார்.

அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 1906 தீயில் நகரத்துப் பிறப்புப் பதிவேடுகளும் எரிந்துவிட்டன. "நான் இங்கேதான் பிறந்தேன், சான்றிதழ் எரிந்துவிட்டது" என்று ஒரு சீனர் சொன்னால் இல்லை என்று நிரூபிக்க வழியில்லை. குடிமகன் ஆகிவிட்டால் சீனாவுக்குப் போய்வரலாம், அங்கே பிறக்கும் பிள்ளையைக் கூட்டிவரலாம். போய்விட்டு வரும்போது "ஒரு மகன் பிறந்தான்" என்று அதிகாரியிடம் பதிந்துவைப்பார்கள். மகன் பிறந்தானோ இல்லையோ, ஓர் இடம் உருவாகிவிட்டது. அந்த இடத்தை ஊரில் யாராவது வயசுப் பையனுக்கு விற்கலாம். வாங்கியவன் அந்தப் பெயரை, அந்த அப்பாவை, அந்த அண்ணன் தம்பிகளை எல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு கப்பல் ஏறுவான். சாகும்வரை அதுதான் பெயர்.

1956-இல் அரசு "உண்மையைச் சொல்லிவிடுங்கள், முறைப்படுத்துகிறோம்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 13,000-க்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் வாய் திறந்தால் அந்தக் காகிதக் குடும்பம் முழுக்க மாட்டும் என்பதால் பலர் கடைசிவரை சொல்லவேயில்லை. எங்கள் தாத்தாவின் அப்பாவும் சொல்லவில்லை.

தாத்தாவைக் கோல்மாவில் புதைத்தபோது போயிருந்தேன். கல்லில் ஆங்கிலத்தில் காகிதப் பெயர். அதற்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சீன எழுத்தில் உண்மைப் பெயர். வரிசையாக நடந்து பார்த்தால் அந்த மாதிரிக் கல் நிறைய.

#10 கயல்_ஃப்ரீமாண்ட்

மணிமாலா அக்கா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அதிகாரிகளுக்குச் சந்தேகம் வராமலா இருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

#11 ஓக்லண்ட்_மூர்த்தி

அதற்குத்தான் ஏஞ்சல் தீவு. விரிகுடா நடுவில், 1910 முதல் 1940 வரை நடந்த குடிவரவு நிலையம். கிழக்குக் கரையில் எல்லிஸ் தீவில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். இங்கே சீனர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனி. கணவன் மனைவி என்றாலும் பார்க்க முடியாது.

விசாரணை இப்படி இருக்கும். பையனைத் தனியாக உட்காரவைத்து: உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எந்த அறையில், எந்த மூலையில்? கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம்? உன் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார்? அவருக்கு எத்தனை பிள்ளைகள்? பாட்டி எந்த வருடம் செத்தாள்? நூற்றுக்கணக்கில் கேள்வி, இரண்டு மூன்று நாள். பிறகு அதே கேள்விகளை நகரத்தில் இருக்கும் "அப்பா"விடம். விடைகள் ஒத்துப்போகாவிட்டால் திரும்பக் கப்பல். இதனால் கேள்வி-பதில் புத்தகமே எழுதி விற்றார்கள், கப்பலில் உருப்போட்டுவிட்டுக் கரை தெரிந்ததும் கடலில் எறிவார்கள். உள்ளே இருப்பவனுக்கு அவசரச் சேதி அனுப்ப சமையல்காரர்கள் உதவினார்கள். வேர்க்கடலைத் தோலுக்குள் துண்டுச்சீட்டு வைத்து அனுப்பியதெல்லாம் உண்டு.

கொடுமை என்னவென்றால் உண்மையான மகனும் தோற்பான். எனக்கே எங்கள் வீட்டு வாசல்படி எத்தனை என்று நினைவில்லை.

அடைபட்டிருந்தவர்கள் மரச்சுவரில் கவிதை எழுதினார்கள், முதலில் மையில், பிறகு கத்தியால் செதுக்கி. நிர்வாகம் மேலே பெயின்ட் அடித்தது. பெயின்டுக்கு அடியிலும் செதுக்கல் நின்றது. 1970-இல் இடிக்கப்போகும் நேரத்தில் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் டார்ச் அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். 200-க்கும் மேற்பட்ட சீனக் கவிதைகள். அதனால்தான் கட்டடம் பிழைத்தது. அங்கே பஞ்சாபிகளும் நிறையப் பேர் அடைபட்டிருந்தார்கள், அது தனிக் கதை.

#12 வக்கீல்_வாசு

மூர்த்தி சார் சொன்ன லுக் டின் ஈலையைப் பற்றி ஒரு விஷயம் யாருமே சொல்லவில்லை. கூரை கட்டிய அதே ஆள்தான்.

கலிஃபோர்னியாவில் மென்டசீனோவில் பிறந்த பையன் அவர். சின்ன வயதில் படிக்கச் சீனாவுக்கு அனுப்பினார்கள். 1884-இல், 14 வயதில் திரும்பி வந்தபோது விலக்குச் சட்டத்தைக் காட்டி இறங்கவிடவில்லை. வழக்கு நடந்தது. நீதிபதி ஃபீல்ட், இங்கே பிறந்தவன் இந்நாட்டுக் குடிமகன், உள்ளே விடு என்றார். சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் லுக் டின் சிங், வழக்கும் அந்தப் பெயரில்தான் இருக்கும். சொந்த ஊரின் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தப்பட்ட பையன் 22 வருடம் கழித்து அதே நகரத்தில், "இந்தத் தடவை எங்களைக் கிளப்ப முடியாதபடி கட்டுவோம்" என்று கிளம்பியிருக்கிறார். தர்க்கன், வேடம் என்றே வைத்துக்கொள்வோம். வேடம் கட்டியவர், தான் யார் என்று தெரிந்தே கட்டினார்.

அந்த வழக்கு கீழ் நீதிமன்றத்தோடு நின்றது. உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் சமையல்காரர் வாங் கிம் ஆர்க். 1873-இல் சாக்ரமென்டோ தெருவில் பிறந்தவர். 1895-இல் சீனாவிலிருந்து திரும்பியவரைக் கப்பலிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். 1898-இல் 6-க்கு 2 என்று தீர்ப்பு: இந்த மண்ணில் பிறந்தால் குடிமகன், பெற்றோர் அந்நிய நாட்டவராக இருந்தாலும் (தூதர் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர). தீர்ப்பு வந்த பிறகும் அவருக்கு நிம்மதியில்லை. அவருடைய மூத்த மகன் 1910-இல் வந்தபோது ஏஞ்சல் தீவில் விடைகள் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

#13 எச்1பி_அப்பா

வாசு சார், 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப்பின் குடியுரிமை ஆணை வந்தபோது என் மனைவிக்கு ஆறாவது மாதம். இரண்டு பேருமே தற்காலிக விசா. பிறக்கப்போகும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று அதில் இருந்தது. ராத்திரி முழுக்கப் படித்ததில் திரும்பத் திரும்ப வந்த பெயர் வாங் கிம் ஆர்க். நீதிமன்றங்கள் தடுத்ததால் மூச்சு வந்தது. பிறந்த பையனுக்கு இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது. சாக்ரமென்டோ தெருவில் அவர் பிறந்த இடத்தை ஒரு நாள் போய்ப் பார்க்கவேண்டும்.

#14 நெறியாளர்

வாழ்த்துகள். அந்த ஆணை பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். இங்கே சைனாடவுன் மட்டும்.

#15 மணிமாலா

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே! வாஷிங்டன் தெருவில் மூன்றடுக்குக் கூரையோடு சின்னதாக ஒரு வங்கி இருக்கிறது. 1949 வரை அதுதான் சைனாடவுனின் தொலைபேசி நிலையம். அங்கே ஒருவரை நம்பர் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு. பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். அதனால் ஆபரேட்டர் பெண்களுக்கு அத்தனை வாடிக்கையாளர் பெயரும் மனப்பாடம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஆகவே எந்தச் சந்து, என்ன தொழில் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். சீனத்தின் பல வட்டார மொழிகளோடு ஆங்கிலமும். டயல் முறை வந்ததும் மூடிவிட்டார்கள்.

1890-இல் அமெரிக்கச் சீனர்களில் ஒரு பெண்ணுக்குச் சுமார் 27 ஆண்கள். 1875 பேஜ் சட்டத்தில் சீனப் பெண்கள் வருவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். அப்படி ஆண்களாக நிறைந்திருந்த பேட்டையில் அந்தப் பெண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

#16 தர்க்கன்

லுக் டின் ஈலை விஷயம் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி. தடையெல்லாம் போன பிறகும், சன்செட், ரிச்மண்ட் என்று சீனர்கள் பரவிய பிறகும், அந்தப் பேட்டை ஏன் இன்னும் இவ்வளவு நெரிசலாக, வயசானவர்களாக இருக்கிறது?

#17 ஓக்லண்ட்_மூர்த்தி

கிராண்டிலேயே நின்றுவிட்டால் அது தெரியாது. ஒரு தெரு தள்ளி ஸ்டாக்டன் போங்கள். இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பையில் கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு 30-ஆம் நம்பர் பஸ்ஸுக்கு முண்டும் பாட்டிகள், அதுதான் இன்றைய சைனாடவுன். கடைகளுக்கு மேலே சின்னச் சின்ன ஒற்றை அறைகள். ஏறக்குறைய எட்டுக்குப் பத்தடி. சமையலறையும் குளியலறையும் மாடிக்குப் பொது. அந்தக் காலத்தில் தனியாட்களுக்காகக் கட்டியது, இன்று அதிலேயே குடும்பங்களும் இருக்கின்றன. 1965-இல் குடிவரவுச் சட்டம் மாறியதும் புதிதாக வந்தவர்கள் முதலில் வந்து இறங்கியது இங்கேதான். வாடகை கட்டுப்படியாகும், ஆங்கிலம் இல்லாமல் காலம் தள்ளலாம்.

வங்கித் தெரு பக்கத்திலேயே இருப்பதால் நிலத்தின்மேல் கண்ணும் போகவில்லை. கியர்னி தெருவில் இன்டர்நேஷனல் ஹோட்டல் என்று ஒன்று. பிலிப்பைன்ஸ், சீன முதியவர்கள் குடியிருந்தார்கள். 1977 ஆகஸ்ட் 4 விடிகாலையில் சுமார் 3,000 பேர் கைகோத்துச் சுற்றி நின்றும் நூற்றுக்கணக்கான போலீசார் உள்ளே புகுந்து அவர்களை வெளியேற்றினார்கள். அவர்களைக் காலிசெய்யவைக்க மறுத்து முன்பு ஐந்து நாள் ஜெயிலில் இருந்த ஷெரிஃபே அன்று சம்மட்டியால் கதவை உடைத்தார். இடித்த இடம் பல வருடம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. 2005-இல்தான் அங்கே முதியோர் குடியிருப்பு எழுந்தது.

2022 பிப்ரவரியில் நகர சபை, சீனர்களுக்குச் செய்த அநீதிக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நல்லதுதான். பஸ் கூட்டம் குறையவில்லை.

#18 கயல்_ஃப்ரீமாண்ட்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மா அப்பாவோடு ஏஞ்சல் தீவு போய்வந்தோம். படகுத்துறையிலிருந்து நிலையம் வரை நல்ல நடை, வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கவனிக்கவும். ஆண்கள் கூடத்தில் அந்தச் சுவர் இருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்து தெரிகிறது, நேராகப் பார்த்தால் வெறும் பெயின்ட். அம்மா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே போனாள், மொழி தெரியாமலே.

திரும்பி வரும் படகில் மூர்த்தி சார் சொன்ன விசாரணையை நடத்தினேன். அப்பாவை இந்த முனையில், அம்மாவை அந்த முனையில் உட்காரவைத்துத் தனித்தனியாகக் கேட்டேன். கும்பகோணத்து வீட்டு வாசலில் எத்தனை படி? 40 வருடமாக அந்த வீட்டில் இருப்பவர்கள். அப்பா ஐந்து என்றார். அம்மா நாலு என்றாள், "தினம் கோலம் போடறவ நான், எனக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொன்னாள். இருவரையும் எதிரெதிரே வைத்ததும் சண்டை. படகில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தீர்ப்புக்கு ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே விடிகாலை. தூக்கக் கலக்கத்தில் வாசலுக்குப் போய் டார்ச் அடித்து எண்ணிவிட்டுச் சொன்னான்: "நாலுக்கா. ரோடு ஒசத்தி போட்டான்ல, அடிப்படி மண்ணுக்குள்ள போயிடுச்சு."